ஆணழகனும் மகிழமரத்தடிச் சத்தியமும்

1

‘ஆணழகன்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னைச் சுவர்களில் இந்தச் சொல் அடிக்கடி ஒட்டப்படுகிறது. ஆணழகன் போட்டிக்கான போஸ்டர்கள். பெண்களுக்கான போட்டியை ‘அழகிப் போட்டி’ என்கிறோம். ‘பெண்ணழகிப் போட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. முருகனை ‘அழகன்’ என்று கொண்டாடும் மொழிதான் இது. ஆனாலும் ஒரு மனித ஆண் மேடையேறும்போது ‘அழகன்’ என்ற விகுதி போதவில்லை, முன்னால் ‘ஆண்’ என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அழகு என்பது பெண்ணின் பிரதேசம், அதற்குள் நுழைகிறவன் கையில் ஆண் என்ற சான்றிதழோடு வரவேண்டும் என்பதே இந்தச் சொல்லாக்கத்தின் மறைபொருள்.

இந்தப் போட்டியைப் பார்க்கிறவர்கள் யார்? தெருவை அடைத்துப் போட்ட மேடைக்கு முன்னால் நாற்காலியில் இருப்பவர்கள் ஆண்கள். நடுவர்களும் ஆண்கள். பெண்கள் பார்ப்பது மாடியிலிருந்து, வாசற்படியிலிருந்து, கடந்து போகிற போக்கில். மேடையேறுகிறவன்மேல் கருநிறச் சாயம் பூசுகிறார்கள், விளக்கொளியில் தசையின் வரிகள் துல்லியமாகத் தெரிவதற்காக. அதே தெருவின் பெட்டிக்கடையில் பெண்ணை வெளுக்க வைக்கும் கிரீம் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. ஒரே தெரு, ஒரே மாநிறம். ஆணுக்கு அதைக் கறுப்பாக்கிக் காட்டினால் பரிசு, பெண்ணுக்கு அதை வெளுப்பாக்கினால் வரன்.

இந்த உடல் யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. காசிமேட்டுப் பக்கம் ஒரு ஜிம்மில் இருபது வயதுப் பையனிடம் கேட்டேன். “பொண்ணுங்களுக்கு இதாண்ணா புடிக்கும்” என்றான். எந்தப் பெண்ணாவது சொன்னாளா என்றேன். “சொல்லுவாங்களா? நம்பதான் தெரிஞ்சிக்கணும்” என்றான். தன் படத்துக்கு வந்திருந்த பாராட்டுகளைப் போனில் காட்டினான். அத்தனையும் மச்சிகளும் தலைகளும் எழுதியவை. பெண்ணின் பெயரால் ஆண் செய்துகொள்ளும் உடலை ஆண்களே மதிப்பிட்டு ஆண்களே மெச்சுகிறார்கள். பெண் இதில் ஒரு கற்பிதச் சாட்சி மட்டுமே.

2

வடசென்னைக்கு உடல் புதிதல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த ஊர். அதைவிட முக்கியம், உழைப்பு இங்கே உடலைச் செய்தது. ஹார்பரில் மூட்டை தூக்கியவன் தோளும், கட்டுமரம் இழுத்தவன் முதுகும், மில்லில் நின்றவன் கெண்டைக்காலும் யாருக்கும் காட்டுவதற்காகத் திரண்டவை அல்ல. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் வந்தது. பத்துப் பேர் தூக்கியதைப் பாரந்தூக்கி தூக்கியது. 1996இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடப்பட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இப்போது வரிசையில் நிற்பவை கண்டெய்னர் லாரிகள்.

உழைக்கும் உடலின் தேவை குறையக் குறைய, காட்டும் உடலின் தேவை பெருகியது என்று நான் வாசிக்கிறேன். தாத்தாவுக்குக் கூலி தந்த தசையைப் பேரன் மாதக் கட்டணம் கட்டி வாங்குகிறான். வேலையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆண்மை, கண்ணாடி முன் தன்னை நிரூபித்துக்கொள்கிறது. இந்த நிரூபணத்துக்கு அவன் தரும் விலையும் சிறிதல்ல. சீக்கிரம் திரள வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோனை ஏற்றினால் விரைகள் தம் உற்பத்தியை நிறுத்திச் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. பார்வைக்கான ஆண்மை, உடம்புக்குள் இருக்கும் ஆண்மையைத் தின்கிறது. இதைவிடக் கூர்மையான முரண்நகையை எந்தக் கோட்பாட்டாளரும் எழுதித் தர முடியாது.

3

இனி ‘அறிவியல்’ என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஏனெனில் ‘ஆண்கள் அழகைப் பார்ப்பார்கள், பெண்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள், இது இயற்கை’ என்று சொல்கிறவர்கள் எல்லோரும் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நேராகவோ சுற்றிவளைத்தோ காட்டுகிறார்கள். 37 பண்பாட்டு மாதிரிகளில், பத்தாயிரத்துச் சொச்சம் பேரிடம், துணையிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். தோற்றத்துக்கு ஆண்கள் கூடுதல் மதிப்புத் தந்தார்கள், சம்பாத்தியத்துக்குப் பெண்கள் கூடுதல் மதிப்புத் தந்தார்கள். பஸ் இதைப் பரிணாமத்தின் எச்சமாக வாசித்தார்.

அதே தரவுகளை 1999இல் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் மறுவாசிப்புச் செய்தார்கள். பெண்களுக்கு அதிகாரத்திலும் வருவாயிலும் பங்கு கூடியிருக்கும் நாடுகளில், சம்பாத்தியம் குறித்த ஆண்-பெண் இடைவெளி சுருங்கியிருந்தது. தோற்றம் குறித்த இடைவெளியில் அப்படித் தெளிவான சுருக்கம் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வல்ல.

ஆனால் கேள்வித்தாளில் டிக் அடிப்பது வேறு, எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஈர்க்கப்படுவது வேறு. பால் ஈஸ்ட்விக்கும் எலி ஃபிங்கலும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களும் இளம்பெண்களும் சில நிமிடங்கள் நேரில் பேசிப் பார்த்து யாரைப் பிடித்தது என்று சொன்னார்கள். முன்கூட்டிக் கேட்டபோது வழக்கமான வேறுபாடு இருந்தது. நேரில் பார்த்த பிறகு, தோற்றம் பெண்களை ஈர்த்த அளவும் ஆண்களை ஈர்த்த அளவும் வேறுபடவில்லை. ஆக, வேறுபாடு கண்ணில் இருப்பதைவிடச் சொல்லில் அதிகம் இருக்கிறது.

இன்னொன்று, நம் ஜிம் பையனுக்கு நேராகவே பொருந்துவது. ஹாரிசன் போப்பும் சகாக்களும் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் இளைஞர்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். பெண்கள் விரும்பும் ஆண் உடல் எது என்று கேட்டபோது, தங்கள் உடம்பைவிடச் சுமார் 14 கிலோ தசை கூடிய உருவத்தை அந்த இளைஞர்கள் காட்டினார்கள். பெண்களிடமே கேட்ட முன்னோட்ட ஆய்வில் அவர்கள் தேர்ந்தெடுத்தது தசை ஏற்றாத சாதாரண உடல். அந்த 14 கிலோ, ஆண்கள் கற்பனை செய்த பெண் பார்வையின் எடை.

பெண் தன்னை ஆணின் கண்ணால் கண்காணிக்கப் பழக்கப்படுகிறாள் என்று 1972இல் ஜான் பெர்ஜர் சொன்னதும், சினிமாவின் பார்வை ஆண் பார்வை என்று 1975இல் லாரா மல்வி சொன்னதும் நமக்குத் தெரியும். ஆணழகன் இந்தச் சட்டகத்தில் முழுதாக அடங்குவதில்லை. அவன் பார்க்கிறவன் மட்டுமல்ல, பார்க்கப்படுகிறவனும். ஆனால் அவனைப் பார்க்கும் கண்ணும் ஆணுடையதே. பெண்ணின் கண் எங்கே போயிற்று?

4

இதற்குத் திருவொற்றியூரிலேயே ஒரு பழைய பிரதி இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர்-சங்கிலியார் கதை. பக்தர்கள் அதை அருளாகப் படிக்கட்டும், நான் பார்வையின் அரசியலாகப் படிக்கிறேன்.

திருவொற்றியூர்க் கோயிலில் திரைக்குள் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலி, மாலையைக் கொடுத்துவிட்டு மறைகிற கணத்தில் சுந்தரர் பார்க்கிறார். பார்த்தது போதும். நேரே இறைவனிடம் போய் அவளைத் தரச் சொல்கிறார். இறைவன் சங்கிலியின் கனவில் வந்து பேசுகிறார். சங்கிலியின் தயக்கம் என்ன? அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர், அதாவது அங்கே பரவை இருக்கிறாள். ஆகவே பிரியமாட்டேன் என்று சத்தியம் வேண்டும். சத்தியத்துக்குள்ளும் ஒரு சூழ்ச்சி. தான் கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது இறைவன் வெளியே மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் ஏற்பாடு செய்கிறார். இறைவனோ சங்கிலியிடம், மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். மகிழடியில் சத்தியம், கல்யாணம், பிறகு திருவாரூர் நினைவு. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போகிறது. மாசித் திருவிழாவில் ‘மகிழடி சேவை’ என்று இது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆண் பார்க்கிறான், பெண் சத்தியம் கேட்கிறாள். தண்டனை காலுக்கோ நாக்குக்கோ வராமல் கண்ணுக்கு வருகிறது. எந்தப் புலன் இந்த உறவைத் தொடங்கியதோ அதற்கே தண்டனை என்று படிக்க இடமிருக்கிறது.

ஆனால் சேக்கிழார் இதற்கு முன்கதை ஒன்றும் வைத்திருக்கிறார். கயிலையில் சுந்தரர், கமலினி, அனிந்திதை என்ற இரு பெண்களைப் பார்க்கிறார். அவர்களும் அவரைப் பார்த்து விரும்புகிறார்கள். அந்தக் கமலினிதான் பரவை, அனிந்திதைதான் சங்கிலி. மேலுலகில் பார்வை இருவழிப் பாதை. மண்ணுக்கு வந்ததும், திருவொற்றியூர் மண்ணுக்கு வந்ததும், அது ஒருவழிப் பாதையாகிறது. அதே பெண்தான். இங்கே அவள் பார்த்து விரும்புகிறவளாக இல்லை, உத்தரவாதம் கேட்கிறவளாக இருக்கிறாள். அவள் இயல்பு மாறிவிட்டதா? மாறியது நிலைமை. இன்னொரு மனைவி உள்ள ஆண், விட்டுப் போகக்கூடிய ஆண், அவனுக்காகத் தெய்வமே தூது வரும் ஏற்பாடு. இந்த நிலைமையில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண்ணும் அழகைப் பற்றிப் பேசமாட்டாள், சத்தியத்தைப் பற்றித்தான் பேசுவாள். பஸ்ஸின் கேள்வித்தாள் அளந்தது இந்த மகிழமரத்தடியை. அனிந்திதையை அது அளக்கவில்லை.

5

‘தமிழ் இலக்கியத்தில் பெண்கள் ஆணழகைப் பார்க்கவில்லையா, உலா என்று ஒரு இலக்கிய வகையே இருக்கிறதே’ என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். இருக்கிறது. சேரமான் பெருமாளின் ஆதி உலாவிலிருந்து சேக்கிழார் காலத்து ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவரை, தலைவன் வீதியில் வர ஏழு பருவத்துப் பெண்கள் கண்டு மயங்குகிறார்கள். பாட்டியல் கணக்கில் பேதைக்கு வயது 5லிருந்து 7. பேரிளம்பெண்ணோடு 40இல் கதவு அடைக்கப்படுகிறது. பொம்மை வைத்து விளையாடும் பேதையும் தலைவன் வரும் வீதிக்குக் கொண்டுவரப்படுகிறாள், நாற்பதைத் தாண்டியவளுக்கு அந்த வீதியில் இடமில்லை. இதைப் பெண்ணின் பார்வை என்று எப்படிச் சொல்வது? ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தன்னைப் பார்த்து உருகுவதாக ஆண் எழுதிக்கொள்ளும் பிரதி இது. நம் ஜிம் கண்ணாடியின் செவ்வியல் வடிவம்.

உலாவுக்கு நேரெதிரில் நக்கண்ணையாரை வைக்க வேண்டும். புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் செய்கிறான். அவனது தோள்களை விரும்பும் பெண்ணின் குரல் பேசுகிறது. பெயர் தெரிந்த ஒரு பெண், பெயர் தெரிந்த ஒரு மல்லனின் உடம்பைப் பார்த்ததைச் சொல்லும் குரல். அவளுக்கு ஆசை இருக்கிறது. கூடவே தாயைப் பற்றிய அச்சமும், அவையைப் பற்றிய நாணமும் இருக்கிறது. வென்றவன் யார் என்று ஊர் இரண்டாகப் பேசிக்கொண்டிருக்க, அவள் ஓடிப்போய்ப் பனையடியில் சாய்ந்து நின்று தன் கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். முன்வரிசை நாற்காலி அவளுக்கு அன்றும் இல்லை.

இந்தப் பாடல்களுக்கு உரையாசிரியர்கள் போட்ட திணை கைக்கிளை. தொல்காப்பியம் கைக்கிளையை விளக்கும்போது ஆணை மனதில் வைத்தே விளக்குகிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் ஆண்பால், பெண்பால் என்று பிரித்துக் கொடுக்கிறது. பெண்ணின் பார்வைக்கு இலக்கணத்தில் கிடைத்த இடம் ஓரத்து இடம். ஆண்டாள் வெண்சங்கிடம் மாதவனின் வாயைப் பற்றி விசாரித்தபோது, அவன் தெய்வம் என்பதால் அது தப்பித்தது. மனித ஆணின் உடம்பை விசாரித்த பெண்களின் பிரதிகள் தப்பித்தது குறைவு.

6

நாணமும் அச்சமும் இலக்கியச் சமாச்சாரம் மட்டுமா? என் அத்தை காசிமேட்டில் மீன் விற்றவள். அவளோடு கூடை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். இந்தக் கட்டுரைக்காக அவர்களிடம் பேசினேன். ஆம்பளைக்கு எது அழகு? உடனே வந்த பதில் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்: “ஒடம்ப பாத்து இன்னா பண்ணச் சொல்ற? குடிக்காம வூட்டுக்கு வந்தான்னா அதான் அயகு.” மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ‘உழைக்கும் பெண்கள் புற அழகைப் பொருட்படுத்துவதில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பேச்சு வேறெங்கோ போய்த் திரும்பி வந்தபோது, அறுபதை நெருங்கும் ஒரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நாங்கூட பாத்துக்கீறேன் தம்பி. கட்டுமரத்த கரைக்கு இஸ்துனு வரசொல்ல அந்தாளு முதுவு எப்டி இருக்கும் தெரியுமா? அதப் பாக்கறதுக்கே கரைக்குப் போய் நிப்பேன். கண்ணாலத்துக்கு முன்னாடி.” எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொரு பழைய கதையை எடுத்தாள். பிறகு அரை மணி நேரம் பேச்சு நிற்கவே இல்லை. கழுத்து, கெண்டைக்கால், வெற்றிலை போட்ட வாய், சிரிக்கும்போது விழும் குழி, ஒருத்தனுடைய வியர்வை வாசம். அதில் 14 கிலோ கூடுதல் தசை எங்கும் வரவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, “பேரு கீரு போடாம எய்திக்கோ” என்றாள். தாயச்சமும் அவை நாணமும் அறுபது வயதிலும் போகவில்லை.

முதலில் சொன்ன பதில் பொய், பின்னால் சொன்னது உண்மை என்று நான் வாதிடவில்லை. இரண்டும் உண்மை. முதலாவது, குடும்பம் என்ற நிறுவனத்துக்குள் நின்று சொன்னது. குடித்துவிட்டு வந்து விழுகிறவனோடு முப்பது வருடம் வாழ்ந்தவள், குடிக்காததை அழகு என்று சொல்வதில் ஒரு முழு அரசியல் பொருளாதாரம் இருக்கிறது. இரண்டாவது, அந்த நிறுவனத்துக்கு வெளியே, கரையில் நின்றபோது பார்த்தது. அதே பெண். சங்கிலியும் அனிந்திதையும் போல.

7

சினிமாவுக்கு வந்தால், நம் பக்கத்துப் படங்களிலும் இந்தக் கணக்கு தீரவில்லை. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) வியாசர்பாடியின் சாதி அரசியலைச் சுவரை வைத்துப் பேசிய படம். அதில் நண்பனின் மனைவியாக மாநிறத்து ரித்விகா, நாயகனின் காதலியாக வெளிர்நிறத்து கேத்தரின் தெரசா. ஆணின் பார்வைக்கான பெண்ணுடல் என்று வரும்போது எதிர்ப்பு அரசியலும் சந்தையின் நிறத்தட்டில் ஏறி நின்றது. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) இதைத் தாண்டியது. துஷாரா விஜயனின் மாரியம்மாள், முதலிரவில் கூச்சமில்லாமல் ஆடுகிறவள், சண்டை போடுகிறவள். ஆனாலும் கபிலனின் உடம்பு திரள்வதையும், தொப்பை போட்டுச் சரிவதையும், கடற்கரையில் மறுபடி திரள்வதையும் அளந்துகொண்டே இருக்கும் கண்கள் யாருடையவை? வாத்தியார், எதிராளி, கூட்டம். மாரியம்மாளுக்கு அந்த உடம்பு கவலை, கோபம், வாழ்வாதாரம். அவளும் அதை ரசித்திருக்கலாம், படம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரைத்தான் மாற்றிக்கொண்டது. 2005இல் ஆண்களுக்கான ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வந்தபோது, பெண்களின் கிரீமை ஒளித்துப் பூசும் ஆணைக் கேலி செய்துதான் அது விற்கப்பட்டது. இங்கேயும் அதே ‘ஆண்’ சான்றிதழ். 2009இல் ‘கறுப்பே அழகு’ என்ற பொருளில் சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு இயக்கம் தொடங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் அதை வெறுங்கையால் வாளியில் அள்ளினார்கள். அந்தத் தோலைப் பற்றிப் பேச எந்த கிரீம் கம்பெனியும் வரவில்லை.

8

இதெல்லாம் ரசனை விவகாரம், இதில் என்ன அரசியல் என்று கேட்கும் தோழர்களுக்கு 2012ஐ நினைவூட்டுகிறேன். அந்த நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதையொட்டிய மாதங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்பது. ‘நாடகக் காதல்’ என்ற சொல் ஊரெல்லாம் பரவியது.

இந்தக் குற்றச்சாட்டைக் கட்டுடைத்துப் பாருங்கள். பெண்கள் ஆணின் தோற்றத்தைப் பார்க்கிறார்கள், பார்த்து விரும்புகிறார்கள் என்று இது ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட மறுகணமே அவள் பார்வையை ‘மயக்கம்’ என்றும், அவள் விருப்பத்தை ‘நாடகம்’ என்றும் மாற்றிவிடுகிறது. சாதி பயந்தது ஜீன்ஸுக்கு அல்ல, அதைப் பார்த்த கண்ணுக்கு. பெண்ணுக்குத் தானாகப் பார்த்து விரும்பத் தெரியும் என்றால் அகமண முறை நிற்காது. ஆகவே அவளுக்குக் கண் இல்லை என்று நிறுவியாக வேண்டும். சுந்தரருக்குப் போன கண் திரும்பி வந்தது. காஞ்சியில் ஒன்று, திருவாரூரில் ஒன்று. இவளுக்குக் கண் இருந்ததையே மறுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பாராட்டு எனக்கு உறுத்துகிறது. ‘நம்ம பொண்ணுங்க அழகப் பாக்க மாட்டாங்க தோழர், குணத்தத்தான் பாப்பாங்க.’ நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆனால் சாதித் தலைவர் பறிப்பதையே இதுவும் மரியாதையாகப் பறிக்கிறது. பெண்ணுக்கு ஆசைப்படும் கண் கிடையாது என்பதில் இரண்டு தரப்பும் உடன்படுகின்றன. ஒருவர் அதை வைத்து வீட்டைக் கொளுத்துகிறார், இன்னொருவர் அதை வைத்துக் கைதட்டல் வாங்குகிறார் என்ற வித்தியாசம் பெரியதுதான். அடியில் இருக்கும் கருத்தியல் ஒன்று.

ஆண்-பெண் அழகுணர்வு வேறுபடுகிறதா என்றால், வேறுபடுகிறது, இன்றைய நிலைமையில். ஆண் பார்த்ததைச் சொல்லலாம். பெண் பார்த்ததை மறைத்து, பாதுகாப்பைக் கேட்க வேண்டும். அந்த நிலைமையை இயற்கை என்று எழுதாமலிருப்பது விமர்சகனின் குறைந்தபட்ச வேலை. தனக்கென்று கூலியும், விட்டு விலகும் உரிமையும், பயமில்லாமல் தெருவில் நிற்க இடமும் உள்ள பெண்கள் என்ன சொல்வார்கள் என்பது, அவர்கள் சொன்ன பிறகுதான் தெரியும். அதுவரை சிறுபத்திரிகை நடத்தும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பெண் தான் பார்த்த ஆணுடம்பைப் பற்றி எழுதி அனுப்பினால், அதைக் கைக்கிளை என்று ஓரத்தில் தள்ளாமல் போடுவது. பெயர் போட அவள் பயந்தால், அந்தப் பயம் எதனுடையது என்று நாம் எழுதுவது.